எப்படி இயங்குகிறது? பூசணிக்காய் உடைத்த பிறகு ஒரு படம்

படப்பிடிப்பின் கடைசி நாளில் பூசணிக்காய் உடைப்பது கோடம்பாக்கத்து வழக்கம். கேமராவுக்குக் கற்பூரம் காட்டி, காயைச் சுற்றி, தெருவில் போட்டு உடைத்து, குங்குமம் சிதறிய இடத்தில் எல்லோரும் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "படம் முடிஞ்சாச்சும்மா" என்று அன்று ராத்திரி டைரக்டர் வீட்டுக்குப் போன் போடுவார். பெரிய கம்பெனி எடுக்கும் படத்துக்கு அது பாதி உண்மை. சொந்தச் சேமிப்பில், நண்பனின் கேமராவில், சனி ஞாயிறுகளில் மயிலாப்பூர் மாடவீதியிலும் பாண்டி பஜாரிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் எடுத்த படத்துக்கு அது கால்வாசி உண்மைகூட இல்லை. அந்த மாதிரிப் படங்களில் பல, பூசணிக்காயோடு நின்றுவிடுகின்றன. அப்புறம் ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு அலமாரி, "படம் என்னப்பா ஆச்சு?" என்று கல்யாணங்களில் கேட்கும் சித்தப்பா.

ஏன் நிற்கின்றன என்று புரிய, கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்கு வாருங்கள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி, தி. நகரில் எந்த மண்டபத்துச் சமையல்கூடத்தை எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். கத்தரி ஒரு குவியல், வாழைக்காய் ஒரு குவியல், சேனை ஒரு குவியல். ஆள் அதிகம், சத்தம் அதிகம், கிண்டல் அதிகம். பார்க்கிறவருக்கு இதுதான் சமையலின் பெரும்பகுதி என்று தோன்றும். ஆனால் நறுக்கிய காயை யாரும் இலையில் போடுவதில்லை. அடுப்பு, உப்பு, தாளிப்பு, பதம், பரிமாறல் எல்லாம் இனிமேல்தான்.

படப்பிடிப்பு என்பது காய் நறுக்கும் ராத்திரி. அமெச்சூர் இயக்குநர் கையில் இருக்கிற பணம் முழுவதையும் காய்கறிக்கும் நறுக்குகிறவர்களுக்கும் கொடுத்துவிடுகிறார். கேமரா வாடகை, லைட், பேட்டா, வேன், ஸ்பாட்டில் மூன்று வேளைச் சாப்பாடு. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போனால் சிலிண்டர் காலி.

நல்ல சமையல்காரர் மளிகை லிஸ்ட் எழுதும் முன் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இலை?" அரிசி, பருப்பு, எண்ணெய், ஆள், அடுப்பு என்று எல்லாக் கணக்கும் அந்த ஓர் எண்ணிலிருந்து பின்னோக்கி வருவது. சினிமாவில் இலை என்பது திரை. எந்தத் திரை? தியேட்டரா, திரைப்பட விழாவா, ஓடிடியா? புதியவர்களிடம் கேட்டால், "முதல்ல எடுத்து முடிப்போம் சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியாமலே உலை வைக்கிற பதில் அது.

தியேட்டர் என்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், டி.சி.பி. என்ற டிஜிட்டல் பொதி வேண்டும், 5.1 ஒலிக்கலவை வேண்டும். வெளிநாட்டு விழா என்றால் ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் நடக்காது. படம் வேறெங்கும் காட்டப்படாமல் இருந்தால் மதிப்பு கூடும் என்பதால் ஆர்வக்கோளாறில் யூடியூப்பில் ஏற்றிவிடக் கூடாது. ஓடிடி என்றால் காகிதம். எழுதியவர், நடித்தவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும் கேட்பார்கள். "நம்ம பையன்தானே" என்று கையெழுத்து வாங்காமல் விட்ட கதாநாயகன் மூன்று வருஷத்தில் வேலை மாறி, ஊர் மாறி, மனசும் மாறியிருப்பான். இதெல்லாம் பரிமாறும் நேரத்தில் தெரிந்து பயனில்லை. லிஸ்ட் எழுதும்போதே தெரிய வேண்டும்.

அதே லிஸ்ட்டில் விலை உயர்ந்த சாமான்கள் எவை என்றும் பார்க்க வேண்டும். திரைக்கதையில் ஒரு வரியாக இருப்பதெல்லாம் ஸ்பாட்டில் ஒரு வரியாக இருக்காது. 'மழையில் நனைகிறாள்' என்பது தண்ணீர் லாரி. 'நாய் ஓடிவருகிறது' என்பது விலங்கு நல வாரியத்தின் அனுமதி. முன்பு திருவான்மியூரிலேயே இருந்த அந்த வாரியம் இப்போது ஹரியானாவில். 'சிகரெட் பற்றவைக்கிறான்' என்றால் படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் புகையிலை எச்சரிக்கைப் படங்கள், சிகரெட் தெரியும் ஒவ்வொரு ஷாட்டிலும் கீழே எழுத்து. ஒரு நல்ல வசனத்துக்குப் பதிலாகத்தான் பாதி சிகரெட்டுகள் பற்றவைக்கப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

நறுக்குவதிலும் பக்குவம் உண்டு. கோணல்மாணலாக நறுக்கிய காய் ஒன்று வேகும், ஒன்று வேகாது. படப்பிடிப்பில் அப்படிக் கோணலாவதில் ஒன்று வெளிச்சம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். சினிமா ஓடுவது வினாடிக்கு 24 ஃபிரேம். பாடப்புத்தகத்தில் சொன்னபடி ஷட்டரை 1/48 என்று வைத்தால் சில விளக்குகளில் சுவர் மேல் மெல்லிய அலை ஊரும். 1/50 என்று வைத்தால் நின்றுவிடும். செல்போனில் எடுப்பவருக்கு வேறு சங்கடம். பல போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். தனி ரெக்கார்டரில் பதிந்த குரல், நீண்ட ஷாட்டின் முடிவில் உதட்டைவிட்டு விலகிப் போயிருக்கும். ஃபிரேம் எண்ணிக்கையைப் பூட்டிவைக்கும் கேமரா செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. அன்றைக்கு இரண்டு நிமிஷ வேலை. விட்டுவிட்டால் எடிட்டிங்கில் இரண்டு வாரத் தலைவலி.

சனி ஞாயிறு ஷூட்டிங்கின் பெரிய எதிரி காலம்தான். பணம் சேர்ந்ததும் மறுபடி போய் விட்ட ஷாட்டை எடுப்பதைப் 'பேட்ச் ஒர்க்' என்பார்கள். அதற்குள் ஊர் மாறிவிடும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் என்று தென்சென்னையின் பாதிச் சாலைகளில் தடுப்பு வந்துவிட்டது. லஸ் முனையில் கதாநாயகி திரும்பிப் பார்க்கும் ஷாட் தடுப்புக்கு முன்னால் எடுத்தது, அவள் பார்க்கும் பஸ் தடுப்புக்குப் பின்னால் எடுத்தது என்றால் இரண்டும் ஒரே தெரு என்று யாரும் நம்பமாட்டார்கள். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை 1952-ல் தொடங்கினார், பணம் தீர்ந்து தீர்ந்து நின்று, மேற்கு வங்க அரசு கைகொடுத்து, 1955-ல் முடித்தார். அதற்குள் சிறுவன் அப்புவின் குரல் உடையாமலும், அக்கா துர்கா வளர்ந்துவிடாமலும், கிழவியாக நடித்த சுனிபாலா தேவி இறந்துவிடாமலும் இருந்ததைத்தான் அவர் தன் அதிர்ஷ்டமாகச் சொன்னார். ஆறு நாள் தொடர்ச்சியாக எடுக்க வழியிருந்தால், அறுபது ஞாயிறுகளை நம்ப வேண்டாம்.

நறுக்கிய காய் வாடாமல் இருக்க வேண்டும். 4கே தரத்தில், எடிட்டிங்குக்கு உகந்த புரோரெஸ் எச்.க்யூ. வடிவத்தில் ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 300 ஜி.பி. ஆகும். நூறு நிமிஷப் படத்துக்கு ஒரு நிமிஷத்துக்குப் பத்து நிமிஷம் என்று எடுத்தால் 5 டெராபைட். அதை ஒரே டிஸ்க்கில் வைப்பது வைக்காததற்குச் சமம். இரண்டு பிரதி, இரண்டு வீடு. டிஸ்க் வாங்கும் காசை மிச்சம்பிடிப்பதாக நினைத்து மொத்தப் படத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் இந்தக் கவலை இல்லை, வேறு கவலை இருந்தது: 400 அடிச் சுருள் நாலரை நிமிஷத்தில் தீர்ந்துபோகும். கேமரா ஓடும் சத்தமே செலவின் சத்தம். ஆகவே யோசித்து எடுத்தார்கள்.

இப்போது அடுப்பு. எடிட்டிங்கில்தான் படம் வேகிறது. மூன்று மணி நேரத்துக்கு நீண்ட முதல் வடிவம் சுண்டிச் சுண்டி நூறு நிமிஷத்துக்கு வர வேண்டும். அதற்கான மென்பொருள் செலவு இன்று கிட்டத்தட்ட இல்லை. டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே எடிட், கலர், ஒலி மூன்றும் செய்யலாம். செலவு மனசில்தான். ஆறு மணி நேரம் மொட்டை மாடி வெயிலில் நின்று எடுத்த ஷாட்டை வெட்ட இயக்குநருக்குக் கை வராது. காயை நறுக்கின சிரமம் சாப்பிட வந்தவருக்கு எதற்கு? அதனால்தான் எடிட்டர் ஸ்பாட்டுக்கே வராதவராக இருப்பது நல்லது.

அடுத்தது உப்பு. இங்கேதான் அமெச்சூர் படங்களில் பெரும்பாலானவை கெடுகின்றன. ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது ஒலிக்கு அப்படியே பொருந்தும். சரியாக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள், தவறினால் இலையை மூடிவிட்டு எழுந்து போவார்கள். மங்கலான படத்தைக்கூட ரசிகர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியவில்லை என்றால் பத்து நிமிஷம் தாங்காது.

திரையில் கேட்கும் ஒலி ஒன்றல்ல, குறைந்தது ஐந்து. பேச்சு, அந்த இடத்தின் சூழல் ஒலி, காலடி, புடவைச் சரசரப்பு, தம்ளர் வைக்கும் சத்தம் போன்ற ஃபோலி, கதவு, வண்டி, இடி போன்ற எஃபெக்ட்ஸ், கடைசியாக இசை. இந்த ஐந்தையும் அளவு பார்த்துக் கலப்பதற்குத்தான் மிக்ஸிங் என்று பெயர். தியேட்டருக்கான 5.1 கலவையில் பேச்சு நடு ஸ்பீக்கரில் வரும், சூழல் பின்னாலும் பக்கத்திலும் பரவும், அதிர்வுக்குத் தனி ஸ்பீக்கர். ஹெட்போனில் கேட்டு ஒப்பேற்றிய கலவை தியேட்டரில் திடீரென்று கிணற்றுக்குள் பேசுவது போல ஆகிவிடும். அதனால் கடைசிக் கலவையை முறையான அரங்கில், மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செய்தாக வேண்டும். சிலிண்டர் காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இதற்காகவும்தான்.

ஸ்பாட்டிலேயே குரலைப் பதிவதா, பின்னால் டப்பிங் செய்வதா? மயிலாப்பூரில் ஒரு வீட்டு முற்றத்தில் நேரடியாகப் பதிந்து பாருங்கள். கோயில் மேளம், தலைக்கு மேல் பறக்கும் ரயில், குக்கர் விசில், காக்காய், தண்ணீர் லாரி, கோலமாவு விற்பவரின் ஒலிபெருக்கி, பங்குனியில் அறுபத்துமூவர் கூட்டம். ஷாட் ஒன்று என்றால் டேக் இருபது. டப்பிங் போனாலோ, தொழில்முறை நடிகரல்லாத நண்பர் ஒலிக்கூடத்தின் கண்ணாடி அறைக்குள் நின்று தன் உதட்டையே துரத்திக்கொண்டிருப்பார். ஸ்பாட்டில் இருந்த உயிர் அங்கே வராது. நடுவழி ஒன்று உண்டு. ஸ்பாட்டில் குரலை நல்ல மைக்கில் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, ஒரு நிமிஷம் அந்த அறையின் வெறும் நிசப்தத்தையும் பதிந்துகொள்ள வேண்டும். வெட்டின இடங்களை ஒட்ட அதுதான் பசை. ஸ்பாட்டில் இதற்கு ஒரு பைசா செலவில்லை. பேக்கப் சொன்ன உற்சாகத்தில் இதைத்தான் மறக்கிறார்கள்.

ராபர்ட் ரோட்ரிக்கஸ் 1992-ல் வெறும் 7,000 டாலருக்கு 'எல் மரியாச்சி' எடுத்த கதையைக் குறும்படப் பையன்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் படத்தை வாங்கிய கொலம்பியா நிறுவனம், ஒலியைச் சரிசெய்யவும் 35 மி.மீ.க்கு மாற்றவும் அதைப்போலப் பல மடங்கு செலவழித்த பிறகுதான் அது தியேட்டருக்கு வந்தது என்பதை ஏனோ சொல்லமாட்டார்கள். காய் விலை ஏழாயிரம். பந்தி விலை வேறு.

கலர் கரெக்ஷன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷாட்டுக்கு ஷாட் முகத்தின் நிறம் மாறாமல் இருந்தால் சிறு படத்துக்குப் போதும்.

பதம் பார்ப்பவர் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறார். ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் தணிக்கை வாரியத்தின் சென்னை அலுவலகம். விண்ணப்பம் இணையவழியில்தான். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இங்கே வெட்டு விழுந்தால் எடிட்டையும் மிக்ஸிங்கையும் மறுபடி திறக்க வேண்டும், அதற்கும் காசு ஒதுக்கியிருக்க வேண்டும்.

பிறகு இலை. டி.சி.பி. என்பது தியேட்டர் சர்வர் படிக்கக்கூடிய டிஜிட்டல் பொதி. ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனிப் படமாகச் சுருக்கப்படுகிறது. நூறு நிமிஷம் என்றால் 1,44,000 படங்கள். வினாடிக்கு 250 மெகாபிட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆக மொத்தம் 190 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். இந்தியாவெங்கும் தியேட்டர்களை ஃபிலிம் பெட்டியிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியதில் பெரும்பங்கு கியூப் நிறுவனத்துக்கு. அது மயிலாப்பூரிலிருந்து இயங்கிய ரியல் இமேஜின் குழந்தை. பந்திக்கான இலை நம் தெருவிலேயே தைக்கப்படுகிறது. ஆனால் இலைக்கும் திரைக்குத் திரை கட்டணம் உண்டு.

இவ்வளவையும் தாண்டிப் பந்தி போட்டவர்கள் எப்படிப் போட்டார்கள்? மெனுவைக் குறைத்தார்கள்.

அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த சி. ருத்ரய்யா 1978 தீபாவளிக்குக் கொண்டுவந்த படம் 'அவள் அப்படித்தான்'. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீபிரியா, இளையராஜா என்று பெயர்களைப் பார்த்தால் பெரிய விருந்து. மெனுவைப் பாருங்கள். தமிழ் சினிமா கலருக்கு மாறிக்கொண்டிருந்த வருஷத்தில் கறுப்பு வெள்ளை. மூன்றே பாட்டு. வீடு, ஆபீஸ், தெரு. கமல் ஏற்ற அருண் என்ற பாத்திரமே பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்னைக்கு வருபவன்தான். ஆகவே தெருவில் மைக்கை நீட்டி எடுத்த பேட்டிகள் செலவில்லாமல் கதைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டன. குறைவான சாமானில்தான் அந்தப் பதம் வந்தது. ருத்ரய்யா அதற்குப் பிறகு 'கிராமத்து அத்தியாயம்' ஒன்றைத்தான் முடிக்க முடிந்தது. 2014-ல் இறக்கும்வரை மூன்றாவது படம் வரவில்லை.

செழியன் அமெச்சூர் இல்லை. 'பரதேசி', 'ஜோக்கர்' படங்களின் ஒளிப்பதிவாளர். ஆனால் 'டூ லெட்' படத்தைச் சொந்தமாக, மனைவி பிரேமாவின் தயாரிப்பில், சிறு முதலீட்டில் எடுத்தார். ஐ.டி. சம்பளங்கள் சென்னை வாடகையை ஏற்றிவிட்ட 2007-ல் வீடு தேடி அலையும் ஒரு குடும்பம். குடும்பத் தலைவன் சினிமாவில் வாய்ப்புக்குக் காத்திருப்பவன். பாட்டு இல்லை, பின்னணி இசைகூட இல்லை. எதைக் குறைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்: எடிட்டிங் ஸ்ரீகர் பிரசாத், ஒலி தபஸ் நாயக். பாயசத்தை நீக்கினார், உப்பில் கை வைக்கவில்லை. 2017 நவம்பரில் கொல்கத்தா விழாவில் பரிசு, மறு ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி 21 அன்று. விருது வாங்கிய படத்துக்கே இலை கிடைக்க இத்தனை மாதம்.

பாதி வெந்த நிலையில் சிலிண்டர் தீர்ந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' முடியாத நிலையில்தான் கோவா ஃபிலிம் பஜாருக்குப் போனது. முடியாத படங்களை முடிக்கக்கூடியவர்களிடம் காட்டும் சந்தை அது. அங்கே பார்த்த இயக்குநர் ராம் வழியாக நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் படத்தை எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருது அதற்கு. கரண்டியில் எடுத்துக்கொடுத்த அந்த ஒரு வாய் ருசித்ததால்தான் அடுப்புக்கு ஆள் வந்தார்கள். ஜான் ஆபிரகாம் கேரளத்தில் ஒடேசா குழுவோடு ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' முடித்தது இன்னொரு வழி. சிறு முதலீட்டுத் தரமான படங்களுக்குத் தமிழக அரசு தரும் 7 லட்ச ரூபாய் மானியம் மூன்றாவது. ஆனால் அது எல்லாம் முடிந்து, விண்ணப்பித்து, தேர்வாகி வருகிற பணம். அதை நம்பி அடுப்பு மூட்டக் கூடாது.

என் கணக்கு கறாரானது. கையில் 10 லட்சம் இருந்தால் பூசணிக்காய்க்கு முன்னால் 5 லட்சத்துக்கு மேல் தொடக் கூடாது. அதற்குள் எடுக்க முடியாத கதை என்றால் அந்தக் கதையை இப்போது எடுக்க வேண்டாம், வேறு கதை எழுதுங்கள்.

ஏற்கனவே எடுத்து அலமாரியில் வைத்திருப்பவர்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று காரியம். டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பழைய டிஸ்க்குகள் சொல்லிக்கொண்டு சாவதில்லை. பாக்கி வேலைகளை ஒரு தாளில் எழுதி, பாட்டு, கிராஃபிக்ஸ், ட்ரோன் ஷாட் என்று இல்லாமலும் முடியக்கூடியவற்றை அடித்துவிடுங்கள். அந்தக் கதாநாயகன் எந்த ஊரில் இருந்தாலும் போன் போட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.